வீட்டுக் கணினியில் எது மாஸ்டர் காப்பி?

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில், இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சுங்குவார்சத்திரம், ஒரகடம் வரை எந்தப் பெரிய தொழிற்சாலைக்குள் நுழைந்தாலும் சில காட்சிகள் மாறாது. தரையில் மஞ்சள் கோடு. கருவி மாட்டும் பலகையில் ஒவ்வொரு ஸ்பேனரின் உருவமும் வரைந்திருக்கும். ஒன்று குறைந்தால் பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரிந்துவிடும். சுவரில் 5எஸ் போர்டு, போன ஆடிட்டின் மதிப்பெண்ணோடு தொங்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே டிரெய்னிகளுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

அதே டிரெய்னி இரண்டு வருடம் கழித்து வேறு கம்பெனிக்குப் போகிறார். “பழைய கம்பெனி ரிலீவிங் லெட்டர், கடைசி மூணு மாச பேஸ்லிப், சாயங்காலத்துக்குள்ள மெயில் பண்ணிடுங்க” என்கிறார் ஹெச்ஆர். தேடல் ஆரம்பமாகிறது. போன் கேலரியில் ஒரு படம் இருக்கிறது, ஆனால் கையெழுத்து இருக்கும் கடைசி வரி வெட்டுப்பட்டிருக்கிறது. வாட்ஸ்அப்பில் நண்பனுக்கு அனுப்பியது, போன் மாற்றியபோது போய்விட்டது. வீட்டு லேப்டாப்பின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ‘டாக்1’, ‘ஸ்கேன்0003’, ‘நியூ டாக்குமென்ட் (2)’ என்று கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியதுதான். கம்பெனியில் ஸ்பேனருக்கு இருக்கிற இடம், வீட்டில் அவருடைய ரிலீவிங் லெட்டருக்கு இல்லை.

வீட்டுக் கணினியை ஒழுங்குபடுத்துவது என்றதும் நம்மில் பலருக்கு முதலில் தோன்றுவது அழிப்பதுதான். ‘டிஸ்க் ஃபுல்’ என்று திரையில் வந்தால் கண்ணில் பட்டதை நீக்குகிறோம், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்கிறோம், சுத்தமாகிவிட்டதாக நிம்மதி அடைகிறோம். ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் இடப் பற்றாக்குறை உண்மையான நோய் இல்லை என்பது விளங்கும். ஒரு காகிதத்தை ஸ்கேன் செய்தால் சில நூறு கேபிதான் ஆகும். ஒரு குடும்பத்தின் மொத்த ஆவணங்களும் ஆயிரம் பக்கம் என்று வைத்துக்கொண்டாலும் அரை ஜிபியைச் சுற்றித்தான் வரும். போனில் எடுத்த ஒரே ஒரு வளைகாப்பு வீடியோ அதைத் தாண்டிவிடும். ஆவணங்களை அழித்து இடம் பிடிக்க முடியாது. இழக்கத்தான் முடியும்.

உண்மையான நோய், ஒரே ஆவணத்துக்குப் பல பிரதிகள் இருப்பதும், அவற்றில் எது சரியானது என்று யாருக்கும் தெரியாமல் இருப்பதும்தான்.

5எஸ் எதுவரை உதவும்?

5எஸ் ஜப்பானியத் தொழிற்சாலைகளில் உருவான முறை. செய்ரி, செய்டோன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே என்று ஐந்து படிகள். தேவையானதையும் தேவையற்றதையும் பிரிப்பது, பிரித்ததை அதனதன் இடத்தில் வைப்பது, துடைத்துச் சுத்தமாக வைப்பது, அதை எல்லாருக்கும் ஒரே விதியாக்குவது, கடைசியில் யாரும் சொல்லாமலே செய்யும் பழக்கமாக்குவது. முதல் படியில் சிவப்புச் சீட்டு என்று ஒரு உத்தி உண்டு. தேவையா இல்லையா என்று சந்தேகம் வரும் பொருளை உடனே தூக்கிப் போடமாட்டார்கள். தேதி எழுதிய சிவப்புச் சீட்டை ஒட்டித் தனி இடத்தில் ஒதுக்கி வைப்பார்கள். குறித்த காலத்துக்குள் யாரும் வந்து கேட்கவில்லையென்றால் அப்போதுதான் அது வெளியேறும்.

இந்த உத்தி வீட்டுக் கணினிக்கு அப்படியே பொருந்தும். ஆனால் ஸ்பேனருக்கும் கோப்புக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஸ்பேனர் தானாகப் பெருகாது. கோப்பு பெருகும். ஆதாரைத் தேவைப்படும்போதெல்லாம் புதிதாக இறக்கினால், பிரவுசர் அதே பெயருக்குப் பின்னால் (1), (2), (3) என்று எண் போட்டுச் சேர்த்துக்கொண்டே போகும். மெயிலில் ஒன்று, வாட்ஸ்அப்பில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, பிரவுசிங் சென்டர் கணினியின் டெஸ்க்டாப்பில் ஒன்று. நகலெடுக்கக் காசு செலவில்லை என்பதால் நகல் எடுப்பதை யாரும் கவனிப்பதுமில்லை.

இதற்கான மருந்தும் அதே தொழிற்சாலைக்குள்தான் இருக்கிறது. 5எஸ் போர்டில் இல்லை, குவாலிட்டி டிபார்ட்மென்டின் அலமாரியில் இருக்கிறது. 1987இல் முதன்முதலாக வெளியான ஐஎஸ்ஓ 9001 தரநிலையும், கார் உதிரிபாகக் கம்பெனிகள் பின்பற்றும் ஐஏடிஎஃப் 16949 தரநிலையும் ஆவணக் கட்டுப்பாட்டை வலியுறுத்துபவை. ஒரு பாகத்தின் வரைபடம் திருத்தப்பட்டால் அதற்கு ரிவிஷன் எண் ஏறும். புதிய பிரதி லைனுக்கு வரும்போது பழையது திரும்பப் பெறப்படும். வைத்திருக்கத்தான் வேண்டும் என்றால் அதன் மேல் ‘அப்சலீட்’ என்று முத்திரை விழும். மாஸ்டர் காப்பி ஒரே இடத்தில், ஒருவர் பொறுப்பில் இருக்கும். பழைய ரிவிஷனை வைத்து ஒரு லாட் ஓட்டிவிட்டால் மொத்தமும் ரிஜெக்ட் என்பது மெஷினில் நிற்கும் ஆபரேட்டருக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டிலும் இது நடக்கிறது. ஆதாரில் பிறந்த தேதியையோ பெயரையோ திருத்துகிறோம். திருத்திய பிடிஎஃப் வந்துவிடுகிறது. பழையதும் பக்கத்திலேயே கிடக்கிறது. இரண்டையும் பெயரை வைத்துப் பிரித்தறிய முடியாது. அவசரத்தில் பழையது விண்ணப்பத்தோடு போகிறது, பெயர் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வருகிறது. இனிஷியல் முன்னால் ஒரு ஆவணத்தில், பின்னால் ஒரு ஆவணத்தில், அப்பா பெயர் முழுதாக மூன்றாவதில் என்று வாழும் நமக்கு இந்தத் தொல்லை மற்றவர்களைவிட அதிகம்.

இந்த வட்டாரத்துக்கு ஏன் இது முக்கியம்

கோப்புகளை ஒழுங்காக வைப்பது ஓய்வு நேரக்காரர்களின் வேலை என்று நினைப்பவர்கள் நோக்கியா போன் ஆலையை நினைத்துப் பார்க்கலாம். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலை, 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானவர்கள் வேறு வேலை தேடிப் போனார்கள். ஒரு கம்பெனி மூடும்போது சம்பளம் மட்டும் நிற்பதில்லை. ‘சார், பழைய பேஸ்லிப் ஒண்ணு வேணும்’ என்று போய் நிற்க ஒரு ஹெச்ஆர் மேசையும் இல்லாமல் போகிறது. காண்ட்ராக்டர் மாறும்போதும் இதேதான். இந்தப் பகுதியில் பலர் ஒரே கேட் வழியாகப் பல வருடம் வேலைக்குப் போயிருப்பார்கள்; ஆனால் அவர்கள் பெயர் இரண்டு மூன்று காண்ட்ராக்ட் நிறுவனங்களின் பேரேட்டில் இருக்கும்.

வருங்கால வைப்பு நிதியின் மாத ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டு சேவை வேண்டும். அந்தப் பத்தாண்டு ஒரே கம்பெனியில் இருக்க வேண்டியதில்லை, சேர்த்துக் கணக்கிடலாம். ஆனால் நடுவில் ஒரு கம்பெனி வேலையை விட்ட தேதியைப் பதியாமல் விட்டிருந்தாலோ, பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலோ, அதைத் திருத்த ஆவணம் கேட்பார்கள். நியமனக் கடிதம், பேஸ்லிப், ரிலீவிங் லெட்டர் அப்போதுதான் தங்கமாகத் தெரியும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எல்லாத் தொழிலாளர்களுக்கும் நியமனக் கடிதம் கட்டாயம் என்கின்றன. கடிதம் கொடுப்பது முதலாளியின் கடமை. அதை இருபது வருடம் பத்திரமாக வைத்திருப்பது நம்முடைய வேலை.

காகிதமே கையில் இருக்கிறதே என்றால், 2015 டிசம்பர் அதற்குப் பதில் சொல்லிவிட்டது. அந்த வெள்ளத்தில் சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர், கடலூர் மாவட்டங்களில் மார்க் ஷீட், பட்டா, ரேஷன் கார்டு எல்லாம் இழந்தவர்களுக்கு நகல் கொடுப்பதற்கென்றே அரசு தனி முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது. டிரங்குப் பெட்டியும் நனையும்.

எது அசல்?

பிரதிகளில் தரவரிசை உண்டு. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இ-சேவை மூலம் வரும் சாதிச் சான்றிதழ், வருமான வரிக்கான படிவம் 16 போன்றவை டிஜிட்டல் கையெழுத்தோடு வருபவை. அந்தக் கையெழுத்து பிடிஎஃப் கோப்புக்குள் இருக்கிறது, தாளில் இல்லை. அதைப் பிரின்ட் எடுத்து, அந்தப் பிரின்ட்டை ஸ்கேன் செய்து வைத்தால், கையெழுத்தின் படம் கிடைக்கும், கையெழுத்து கிடைக்காது. ஆகவே இவற்றுக்கு இணையதளத்திலிருந்து இறக்கிய அந்தக் கோப்புதான் மாஸ்டர் காப்பி. முதலில் தாளாகவே வந்தவற்றுக்குத் தாளே அசல். நேராக, நான்கு ஓரமும் தெரிய எடுத்த ஸ்கேன் அதற்கு அடுத்தது. போனில் சாய்வாக எடுத்த படம் அதற்கும் கீழே. அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் படமாகவே அனுப்பி, வாங்கியவர் சேமித்து வைத்தது கடைசி. வாட்ஸ்அப் அதைச் சுருக்கியிருக்கும், சிறிய எழுத்துகள் மங்கியிருக்கும். வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப வேண்டும் என்றால் ‘டாக்குமென்ட்’ என்று அனுப்பினால் கோப்பு சுருங்காமல் போகும்.

2015இல் தொடங்கப்பட்ட டிஜிலாக்கரிலும் இதே பாகுபாடு இருக்கிறது. அதில் அரசுத் துறையே நேராக வழங்கி ‘இஷ்யூட்’ என்ற பகுதியில் தெரியும் ஆவணம், சட்டப்படி அசலுக்குச் சமம். நாமாக ஸ்கேன் செய்து ஏற்றி வைக்கும் கோப்புக்கு அந்த மதிப்பு இல்லை. அது வெறும் நகல்தான். இரண்டும் ஒரே செயலியில் இருப்பதால் பலர் இரண்டையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள்.

காலாவதியும் கவனிக்க வேண்டியது. வருமானச் சான்றிதழ் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் செல்லும். வில்லங்கச் சான்றிதழ் எந்தத் தேதி வரை எடுத்ததோ அதுவரைதான் பேசும். பேங்க்காரர் புதியதுதான் கேட்பார். சாதிச் சான்றிதழும் மார்க் ஷீட்டும் பழசாவதில்லை. ஆகவே ‘பழையது எல்லாம் குப்பை’ என்ற விதி ஆவணங்களுக்குப் பொருந்தாது.

வேலையை எங்கே தொடங்குவது?

முதல் நாள் எதையும் அழிக்கக் கூடாது. கணினியில் இருப்பதை அப்படியே ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ பெரிய பென்டிரைவிலோ நகலெடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். குப்பையோடு சேர்த்துத்தான். இது கைதவறி அழித்தால் காப்பாற்றிக்கொள்ள.

அடுத்து ஃபோல்டர்கள். பலரும் ‘பிடிஎஃப்’, ‘படங்கள்’, ‘வேர்டு’ என்று கோப்பின் வகையை வைத்துப் பிரிப்பார்கள். ஆவணங்களுக்கு இது உதவாது, ஏனென்றால் யாரும் நம்மிடம் வகை கேட்டு வருவதில்லை. பள்ளிச் சேர்க்கையில் பிள்ளையின் ஆதார், பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், டிசி எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்பார்கள். கம்பெனியில் சேரும்போது ஒருவருடைய மார்க் ஷீட், பான், வைப்பு நிதியின் யுஏஎன் எண், பேங்க் பாஸ்புக் ஒன்றாகப் போக வேண்டும். கேட்பது ஆள்வாரியாக இருப்பதால் அடுக்குவதும் ஆள்வாரியாக இருக்கட்டும். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு ஃபோல்டர். அதோடு ‘வீடு–நிலம்’, ‘வண்டி’, ‘படங்கள்’ என்று மூன்று. வேலைக்குப் போகிறவரின் ஃபோல்டருக்குள் மட்டும் கம்பெனிக்கு ஒன்று வீதம் உள் ஃபோல்டர். இதற்கு மேல் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போட்டுக்கொண்டே போனால், நாமே வழி மறந்துவிடுவோம்.

இனி டவுன்லோட்ஸிலும் டெஸ்க்டாப்பிலும் கிடப்பவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். இது யாருடையது என்று தெரிந்தால் அவர் ஃபோல்டருக்குப் போகட்டும். அதே ஆவணத்தின் இரண்டு மூன்று பிரதிகள் இருந்தால் மேலே சொன்ன தரவரிசைப்படி ஒன்றை மட்டும் மாஸ்டர் காப்பியாகத் தேர்ந்தெடுங்கள். மற்றவற்றையும் சந்தேகமானவற்றையும் ‘சிவப்புச் சீட்டு’ என்று ஒரு ஃபோல்டர் திறந்து, அதன் பெயரிலேயே இன்றைய தேதியைப் போட்டு, அதற்குள் தள்ளுங்கள். ஒரு வருடம் இருக்கட்டும். ஒரு வருடத்தில் பள்ளிச் சேர்க்கை, வருமான வரித் தாக்கல், வண்டி இன்சூரன்ஸ் எல்லாம் ஒரு சுற்று வந்துவிடும். அதற்குள் யாரும் எட்டிப் பார்க்காத கோப்பு தாராளமாகப் போகலாம்.

இடம் வேண்டும் என்றால் வேறு இடங்களில் தேடுங்கள். ஒருமுறை நிறுவி முடித்த சாஃப்ட்வேரின் இன்ஸ்டாலர் கோப்புகள், பார்த்து முடித்த சினிமாக்கள், போனிலிருந்து நகலெடுத்தபோது கூடவே வந்த காலை வணக்கப் படங்கள், ஃபார்வர்டு வீடியோக்கள். இவற்றை முதலில் அழிக்கலாம். விண்டோஸ் செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ்’ பகுதிக்குப் போனால் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும். தற்காலிகக் கோப்புகளை அங்கிருந்தே நீக்கலாம். சி டிரைவில் ‘விண்டோஸ்’, ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்று இருக்கும் ஃபோல்டர்களுக்குள் போய்க் கை வைப்பது மட்டும் வேண்டாம்.

பெயர் வைப்பது

கோப்பின் பெயரைப் பார்த்தாலே திறக்காமல் விஷயம் தெரிய வேண்டும். யாருடையது, என்ன ஆவணம், எந்தத் தேதி என்ற மூன்றும் பெயரில் இருந்தால் போதும்.

தேதியை எழுதும்போது வருடம் முதலில் வரட்டும். கணினி பெயர்களை இடமிருந்து வலமாக ஒப்பிட்டு வரிசைப்படுத்துகிறது. ‘05-11-2023’ என்று நம் வழக்கப்படி எழுதினால் எல்லா மாதத்தின் ஐந்தாம் தேதிகளும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். 2019இன் பேஸ்லிப்புக்குப் பக்கத்தில் 2024இன் பேஸ்லிப் உட்கார்ந்திருக்கும். ‘2023-11-05’ என்று எழுதினால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். 1988இல் வந்த ஐஎஸ்ஓ 8601 என்ற தரநிலை சொல்வதும் இந்த முறையைத்தான். சாய்கோடு போட்டு எழுத விண்டோஸ் விடாது, சிறுகோடுதான் சரி. ‘2024-06 செல்வி பேஸ்லிப்’ என்று ஒரு கோப்பு இருந்தால், அதற்கு அடுத்த மாதத்துடையது அதன் கீழே தானாக வந்து நிற்கும்.

இதே விதி போட்டோக்களை அடையாளம் காணவும் உதவும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தின் பெயரில் ‘20231204’ என்று எட்டு இலக்கமும், பிறகு ‘டபிள்யூஏ’ என்ற எழுத்துகளும் இருக்கும். எட்டு இலக்கம் அது நம் போனுக்கு வந்த தேதி. படம் எடுத்த தேதி இல்லை. எடுத்த தேதியும் இடமும் சாதாரணமாகப் படத்துக்குள் பதிந்திருக்கும். படமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் அதைக் கழற்றிவிடுகிறது. குலதெய்வக் கோயில் பயணத்தின் படங்களைக் குடும்ப குரூப்பில் வந்ததிலிருந்து சேமிக்காமல், எடுத்தவர் போனிலிருந்தே நேராக வாங்கினால் தேதியும் தரமும் குறையாமல் கிடைக்கும்.

‘தேடினால் வந்துவிடுமே, பெயர் எதற்கு?’ என்பவர்களும் உண்டு. தேடல் எழுத்தைத்தான் தேடும். ஸ்கேன் செய்த தாள் கணினிக்கு ஒரு படம். அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று சாதாரணத் தேடலுக்குத் தெரியாது. பழைய தமிழ்க் கோப்புகளிலும் இதே சிக்கல் உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்தவை ஏராளம்: கல்யாணப் பத்திரிகை, சங்க நோட்டீஸ், ஆவண எழுத்தர் அடித்துத் தந்த பத்திர வரைவு. அவற்றில் தமிழ் எழுத்து, ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். 1999 சென்னைத் தமிழ் இணைய மாநாட்டில் டாம், டாப் என்ற பொதுவான எழுத்துக் குறியீடுகள் வந்தன. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. ஆனால் அதற்கு முந்தைய கோப்புகள் தாமாக மாறவில்லை. முக்கியமானவற்றை எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி, பிடிஎஃப் ஒன்றும் எடுத்து வையுங்கள். அந்த எழுத்துரு இருக்கும் கணினி பழுதாவதற்குள் செய்ய வேண்டிய வேலை இது.

கோப்பின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். இன்றைய கணினிகள் அதைச் சரியாகவே கையாளுகின்றன. விண்ணப்பத்தோடு ஏற்றும்போது சில இணையதளங்கள் தமிழ் எழுத்தையோ இடைவெளியையோ ஏற்காது. அப்போது நகல் ஒன்று எடுத்து ஆங்கிலப் பெயர் கொடுத்து ஏற்றிவிட்டு, அந்த நகலை அழித்துவிடுங்கள். மாஸ்டர் காப்பியின் பெயரை மாற்ற வேண்டாம்.

பாஸ்வேர்டு போட்ட கோப்புகளுக்கு ஒரு எச்சரிக்கை. இ-ஆதாரின் பாஸ்வேர்டு, பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் பிறந்த வருடமும் என்று எப்போதும் கண்டுபிடித்துவிடலாம். கம்பெனி அனுப்பும் பேஸ்லிப்புக்கு அப்படி இல்லை. எம்ப்ளாயி எண்ணை வைத்துப் போட்டிருப்பார்கள். வேலையை விட்டு மூன்று வருடம் ஆனால் எண் யாருக்கு ஞாபகம் இருக்கும்? பாஸ்வேர்டு தெரியும்போதே திறந்து, பூட்டில்லாத பிரதி ஒன்றைச் சேமித்துக்கொள்ளுங்கள். கம்பெனி மெயிலுக்கு வந்தவற்றையெல்லாம் நோட்டீஸ் பீரியடிலேயே எடுத்துவிட வேண்டும். கடைசி நாள் மாலை அந்த மெயில் மூடிவிடும்.

கிளவுடில் இருக்கிறதே?

கிளவுடில் இருந்தால் பத்திரம் என்பது பாதி உண்மை. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் கேம்ஸ்கேனரும் ஒன்று. நம் ஊரில் போனில் ஸ்கேன் என்றாலே அதுதான் என்றிருந்த காலம் அது. செயலிக்குள்ளேயே ஆவணத்தை விட்டுவைப்பது எவ்வளவு பத்திரம் என்பது அன்று தெரிந்தது. கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி, மெயில், டிரைவ், போட்டோ மூன்றுக்கும் சேர்த்துத்தான். இரண்டு வருடம் திறக்காமலே விட்ட கணக்கை நீக்கும் உரிமையையும் கூகுள் வைத்திருக்கிறது. அப்பா பெயரில் ஆரம்பித்து மறந்துபோன கணக்கில் ஆவணம் இருந்தால், அவ்வப்போது உள்ளே போய்ப் பார்ப்பது நல்லது.

இன்னொரு குழப்பம், சிங்க் என்பதையும் பேக்கப் என்பதையும் ஒன்றாக நினைப்பது. கூகுள் டிரைவோ ஒன்டிரைவோ கணினியில் இருக்கும் ஃபோல்டரோடு இணைந்திருந்தால், இங்கே அழிப்பது அங்கேயும் அழியும். சில நாள்கள் அதன் குப்பைத் தொட்டியில் இருக்கும், பிறகு போய்விடும். பேக்கப் என்பது இங்கே என்ன நடந்தாலும் மாறாமல் தனியாக இருக்க வேண்டிய பிரதி.

2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலையின் உற்பத்தியும் அதில் பாதிக்கப்பட்டது. அவ்வளவு பெரிய ஆலைக்கே அப்படியென்றால் வீட்டு லேப்டாப் எம்மாத்திரம்? இந்த வகை வைரஸ், கணினியோடு இணைந்திருக்கும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும். ஆகவே பேக்கப் டிஸ்க்கை நகலெடுத்ததும் கழற்றி வைத்துவிட வேண்டும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லும் கணக்கு. நம் அளவில் அது லேப்டாப்பில் ஒன்று, கழற்றி வைத்த டிஸ்க்கில் ஒன்று, கிளவுடிலோ ஊரில் அம்மா வீட்டிலோ ஒன்று.

பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் செய்தால், பென்டிரைவில் ஏற்றிய கையோடு அந்தக் கணினியில் இருக்கும் கோப்பை அழிக்கச் சொல்லுங்கள். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள். கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். பழைய லேப்டாப்பை விற்கும்போதும் கோப்புகளை அழித்தால் மட்டும் போதாது. அழித்ததை மீட்டெடுக்க மென்பொருள் இருக்கிறது. விண்டோஸின் ‘ரீசெட்’டில் எல்லாவற்றையும் நீக்கி டிரைவையும் சுத்தம் செய்யும் வழி இருக்கிறது, அதைச் செய்த பிறகே கைமாற்றுங்கள்.

யார் பொறுப்பு?

கம்பெனியில் 5எஸ் நிலைப்பதற்குக் காரணம் போர்டு இல்லை. ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவர் பெயர் எழுதியிருப்பதும், மாதாமாதம் யாராவது வந்து பார்ப்பதும்தான். வீட்டில் இந்த இரண்டும் இல்லை. 2011 முதல் அரசு கொடுத்த இலவச லேப்டாப்தான் பல வீடுகளில் முதல் கணினி. அதைப் பள்ளியில் வாங்கி வந்த மகளோ மகனோதான் குடும்பத்தின் ஆவணக் காப்பாளர் ஆனார்கள். மகள் கல்யாணமாகிப் போனால், மகன் ஒசூருக்கு வேலைக்குப் போனால், பாஸ்வேர்டும் கூடவே போய்விடுகிறது. ஆகவே பொறுப்பு ஒருவருக்கு இருக்கட்டும். வழி இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். ஃபோல்டர்களின் பட்டியலும் பாஸ்வேர்டுகளும் ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் இருந்தால், அது எந்தச் செயலியையும்விட நம்பகமானது.

பராமரிப்புக்குத் தனியாக நாள் குறிக்க வேண்டாம். பேஸ்லிப் வரும் நாளே அந்த நாள். அதை இறக்கி, பெயர் மாற்றி, ஃபோல்டரில் போட்டுவிட்டு, அந்த மாதம் டவுன்லோட்ஸில் சேர்ந்ததையும் பிரித்துவிட்டால் வேலை முடிந்தது. ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். பேக்கப் டிஸ்க்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இணைத்தால் போதுமானது.

முழு வீட்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சரிசெய்யப் பார்த்துக் களைத்துப்போக வேண்டாம். இந்த வாரம் ஒரே ஒருவருடைய ஃபோல்டரைத் திறங்கள். வீட்டில் வேலைக்குப் போகிறவருடையதாக இருக்கட்டும். அவர் இதுவரை வேலை பார்த்த ஒவ்வொரு கம்பெனிக்கும் நியமனக் கடிதம், கடைசிப் பேஸ்லிப், ரிலீவிங் லெட்டர் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாததை, அந்தக் கம்பெனியின் கேட் திறந்திருக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.